வாசலில் காய்ந்த கறுப்புச் சட்டை

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என்னை மாதிரி காமெடிக்காரனுக்கு மேடை கிடையாது. கல்யாணம், திருவிழா எல்லாம் போச்சு. வீட்டுக்காரிக்கு மட்டும் ஷோ. டிக்கெட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை.

2021 ஜூன் 1-இல் முழு முடக்கம். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டில் உதவி கேட்டு வெள்ளைக்கொடி ஏறியது. அப்புறம் அரசாங்கத்தைக் கண்டித்துக் கறுப்புக்கொடி. துணி வாங்கக் கடை எங்கே திறந்திருந்தது? மேடைக்குப் போடும் ஜிகினா வைத்த கறுப்புச் சட்டையை மூங்கில் கம்பில் மாட்டி வாசலில் கட்டினேன். வெயில் பட்டு ரோட்டில் போகிறவர்கள் கண் கூசியது.

பக்கத்து வீட்டு ஆயா வேலியோரம் வந்து, "யாருய்யா செத்தது?" என்றார்.

"என் தொழில்தான், ஆயா."

"சரி, மழை வருது, உள்ள எடு."

ரோந்து வந்த போலீஸ்காரரும் நின்று பார்த்தார். "துணி காயுது, துவான்" (ஐயா) என்றேன். எஸ்ஓபி என்ற கொரோனா விதிகளை மீறினால் அபராதம் பத்தாயிரம் ரிங்கிட் வரை போகும் காலம், வீரமெல்லாம் அவ்வளவுதான்.

ஜூலை 31-இல் கோலாலம்பூரில் அரசாங்கத்தை எதிர்த்து லாவான் பேரணி; மலாயில் 'லாவான்' என்றால் 'எதிர்'. இளைஞர்கள் கறுப்பு உடையில், முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு நின்றார்கள். மாநிலம் தாண்ட முடியாமல் நான் போனில் பார்த்தேன்.

கிருமி பொய் என்று நான் சொல்லவில்லை. தோட்டமும் தொழிற்சாலையும் ஓடலாம், மேடை மட்டும் கூடாது. சரி, அப்படியென்றால் மேடைக்காரன் சோற்றுக்கு என்ன செய்வான்? கோபம் அதில்தான்.

ஆகஸ்ட் 16-இல் பிரதமர் முகிதீன் பதவி விலகினார். "உன் சட்டையாலயா?" என்றார் ஆயா. நான் மறுக்கவில்லை.

முடக்கத்துக்கு அப்புறம் கிடைத்த முதல் கல்யாணத்தில் பேசிய காசில் பாதிதான் வந்தது.