1,042 கட்டங்கள்

அடர்பச்சையில் ஒரு வளையம். அதற்குள் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்.

1837-இல் நில அளவைத் தலைவர் கர்னல் வில்லியம் லைட் தலைமையில் போட்ட, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர வரைபடம். அதன் நகலை இன்று மதியம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் தினமும் பஸ் ஏறும் இடமும் அதில் ஓர் எண்தான்.

நிலம் அளக்க 66 அடி நீளச் சங்கிலி, அதில் 100 கண்ணி. அதை இழுத்து இழுத்தே ஜனவரி 11-இல் தொடங்கி மார்ச் 10-க்குள் 1,042 மனைகளை அளந்து முடித்துவிட்டார்கள். மனைக்கு ஒரு ஏக்கர். இந்த ஊர் கோடை வெயிலில் அரை மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது என்ன வேலை என்று.

1839-இல் லைட்டின் குடிசை தீப்பிடித்தது. நாட்குறிப்புகள் பெரும்பாலும் சாம்பல். அந்த வருஷமே அவரும் இறந்துபோனார். அந்த மனிதரின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் அந்த மண் காலியாகக் கிடக்கவில்லை. அங்கேயே வாழ்ந்துவந்த பழங்குடிகளான கௌர்னா மக்களின் நிலம் அது. அவர்களும் அவர்கள் சந்ததியும் வாழும் நிலத்துக்குப் பாதகம் வராது என்று 1836 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரச ஆணையே எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு வருஷம் ஆவதற்குள் சங்கிலி இறங்கிவிட்டது.

அவர்களுடைய பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2018 மார்ச்சில்!

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது காலடியைப் பார்த்தேன். இது எந்தக் கட்டம், எந்த எண், அதற்கு முன்னால் இங்கே அடுப்பு மூட்டியது யார்?