அப்பாவின் 14 பிளை

வீல் கப் தேயிலைக்குள் உருண்டு போனதைத்தான் முதலில் பார்த்தேன். டயரைப் பற்றிய நினைப்பே அப்போது வரவில்லை.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் இருந்து நோர்வூட் தாண்டி, பொகவந்தலாவைப் பக்கம் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். இந்தப் பாதையின் வருஷக் கணக்கு எனக்கு மனப்பாடம். டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். ஹட்டனில் இருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் பஸ்ஸும் வேனும் நோர்வூட் வரைக்கும் எங்கள் பாதையில்தான் ஓடும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் தென்மேல் மழை பிடித்துக்கொள்ளும். தாரில் விழுந்த கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் உள்ள கல்லை அசைத்துவிடும். மேலே பாரம் ஏறி இறங்க, சேறோடு கல்லும் வெளியே வந்துவிடும். ஜூன் மாதம் பார்த்தால் அங்கங்கே ரொட்டிக் கல் அகலத்துக்குக் குழி.

அன்றைக்குப் புதன்கிழமை. ஏழு மணி ஆகவில்லை. முடக்கில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு பாதி ரோட்டைப் பிடித்தபடி வந்தது. நான் இடது ஓரமாக ஒதுங்கினேன். ஓரத்தில் பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கட்டி நின்றது. முதல் நாள்கூட அதே இடத்தில் இறங்கி ஏறியிருக்கிறேன், ஆழம் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒரு ராத்திரி மழை அதை மாற்றியிருந்தது. முன் இடது சில்லு உள்ளே விழுந்து, அந்தப் பக்கத்து விளிம்பில் 'டொம்' என்று மோதியது. வேகம் முப்பதுகூட இருக்காது. ஆனாலும் ஸ்டியரிங் கையை உதறியது.

இறங்கிப் பார்த்தேன், காற்று போகவில்லை. கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா வீல் கப்பைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். "டீச்சர், ஒங்க தட்டு." வாங்கிப் பின் சீட்டில் போட்டுவிட்டு, பெல் அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தேன்.

இடைவேளையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து சொன்னான்: "டீச்சர், ஒங்க டயர்ல கட்டி வந்திருக்கு."

சரியான வார்த்தை அதுதான். கோழி முட்டையைப் பாதியாக வெட்டி டயரின் பக்கச் சுவரில் ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. அழுத்திப் பார்த்தேன், கல் போல இறுக்கம்.

என் வண்டி ஜப்பானில் இருந்து வந்த வேகன் ஆர். அதில் ஸ்பெயார் வீல் கிடையாது. அதற்குப் பதிலாகப் பின்னால் ஒரு சிறிய காற்றுப் பம்பும் ஒரு போத்தல் பசையும் வைத்திருக்கிறார்கள். வாங்கியதில் இருந்து நான் அதைத் திறந்ததே இல்லை. திறந்தால் ஜப்பான் எழுத்து, கூடவே படங்கள். டயர் தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் இந்தப் பசையை உள்ளே விட்டுக் கொஞ்ச தூரம் ஓடலாம். பக்கச் சுவரில் அடிபட்ட டயரின் படத்துக்கு மேலே பெரிதாக ஒரு பெருக்கல் குறி. போத்தலின் திகதியும் 2022இலேயே முடிந்திருந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன். அப்பா முப்பத்தொரு வருஷம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். குந்தி உட்கார்ந்து கட்டியைச் சுற்றி விரலை ஓட்டினார்.

"இது ஒன்னும் பண்ணாது புள்ள. நம்ம லொறிக்கு 8.25-20 டயர், 14 பிளை, பதினாலு அடுக்கு நூலு. அதுல இதவிடப் பெரிய கட்டி வந்திருக்கு. உள்ளுக்குப் பழைய டயர்த் துண்டு ஒன்ன வெட்டி வச்சி, டியூபப் போட்டு, மூனு மாசம் கொழுந்து ஏத்தியிருக்கேன்."

அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று வியாழனும் வெள்ளியும் அதே டயரில் போய் வந்தேன். அதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது நாற்பதைத் தாண்டினாலே ஸ்டியரிங் நடுங்கியது. வீட்டில் நிறுத்திப் பார்த்தேன், கட்டி இன்னும் கொஞ்சம் வெளியே வந்திருந்தது.

சனிக்கிழமை இரண்டு பேருமாக ஹட்டனுக்குப் போனோம். டயர் கடைத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பார்த்த உடனேயே கேட்டான்: "இதுலயா டிக்கோயாவுல இருந்து வந்தீங்க?"

டயரைக் கழற்றிப் பிரித்து, உள்பக்கம் போன் வெளிச்சத்தை அடித்துக் காட்டினான். கட்டி இருந்த இடத்துக்கு நேர் உள்ளே, நகத்தால் கீறியது போல ஒரு கோடு. குழி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயரின் பக்கம் நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிடுமாம். வெளி ரப்பர் அறுகாது, இழுபட்டுக் கொடுக்கும். நூல் இல்லாத இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு வரும். ஆக, வெள்ளிக்கிழமை என்னைத் தாங்கிக்கொண்டு வந்தது வெறும் ரப்பர்! என் டயர் 155/65 ஆர்14. அகலம் 155 மில்லிமீட்டர், அதில் 65 சதவீதம்தான் பக்கச் சுவரின் உயரம். கணக்குப் போட்டால் பத்து சென்டிமீட்டர். குழிக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். காற்று குறைவாக இருந்தால் இன்னும் சுலபமாக நசுங்கும். நான் கடைசியாகக் காற்றுப் பார்த்தது எப்போது என்று அவன் கேட்டான். சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னே என்று சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்தேன்.

மற்ற டயர்களையும் தடவிப் பார்த்த நான், பின்பக்க டயர் ஒன்றில் லேசான உள்வாங்கல் ஒன்றைக் கண்டு பயந்துவிட்டேன். அது பரவாயில்லையாம். உள்ளே நூல் சீலையின் இரண்டு ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிய இடம் அப்படித் தெரியுமாம். உள்ளே போனால் பயமில்லை, வெளியே வந்தால்தான் ஆபத்து.

அப்பா விடவில்லை. "தம்பி, ஒரு டியூபப் போட்டா ஓடாதா?"

"ஐயா, ஒங்க லொறி டயர் வேற. அது குறுக்கும் மறுக்கும் நூல் போட்டு அடுக்கடுக்கா வச்சது. இது ரேடியல், நூல் ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு நேராப் போகும். பக்கத்துல எத்தனை அடுக்குன்னு இங்கயே எழுதியிருக்கான் பாருங்க." விரல் வைத்து வாசித்துக் காட்டினான். அடிப்பகுதிக்கு ஸ்டீல் இரண்டு, பொலியெஸ்டர் ஒன்று. பக்கத்துக்குப் பொலியெஸ்டர் ஒன்றே ஒன்று.

அப்பா எழுத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார். பொய் சொல்கிறான் என்பது அவருடைய முடிவு.

ரிம் விஷயத்தில் மட்டும் அப்பா ஜெயித்தார். உள் விளிம்பு ஓர் இடத்தில் மடங்கியிருந்தது. புது ரிம் பார்க்கலாமா என்று நான் கேட்கும்போதே, "இரும்பு ரிம்தானே, தட்டு" என்றார். தம்பியும் தலையாட்டினான். அலோய் ரிம்மாக இருந்தால் தட்டும்போது வெடிப்பு விட இடமுண்டு, இரும்பு பிடிவாதம் இல்லாமல் வளையும். தட்டி, மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்து, மறுபடியும் தட்டினார்கள். ஆட்டம் நின்றது.

டயர் ஒன்று வாங்குவதா, இரண்டா? முன் வலதிலும் அதே வயசு டயர். பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கம் 1119. அதாவது 2019ஆம் வருஷத்தின் 11ஆவது வாரம் செய்தது. டயரின் வரிப் பள்ளங்களுக்கு நடுவில் இருக்கும் அடையாள மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர், அதுவரை தேய்ந்தால் டயர் முடிந்தது என்று அர்த்தம். என்னுடையது அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாகவே வாங்கினேன். விலை ஒன்று 19,500 ரூபா. இன்சூரன்ஸில் கேட்டுப் பார்த்தேன், டயர் மட்டும் சேதமானால் எதுவும் கிடையாதாம். யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர்ப் பால் வெட்டும் சித்தப்பாவை நினைத்துக்கொண்டு அப்பா முணுமுணுத்தார்: "நம்ம நாட்டு ரப்பருக்கா இந்த வெல?" கம்பஹாவில் ஹெனரத்கொடை தோட்டத்தில் 1876இல் நட்ட கன்றுகளில் தொடங்கிய ரப்பர் நாடுதான் இது. ஆனால் டயர் என்பது ரப்பர் மட்டும் இல்லையே.

புது டயர் இரண்டையும் அவன் பின்னுக்குப் போட்டான். இன்னொரு சண்டை. "புதுச முன்னுக்குல்ல போடணும்?" ஈர ரோட்டில் முன் சில்லு வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலைத் தளர்த்திச் சமாளிக்கலாம். பின் சில்லு பிடி விட்டால் வண்டி முடக்கில் சுழன்றுவிடும், அதற்குள் ஒன்றும் செய்ய முடியாது. இதை அவன் பொறுமையாக இரண்டு தடவை சொன்னான். அப்பா வெளியே போய்ப் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தார்.

அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. கழற்றிய முன் வலது டயரை, பழைய ரிம் ஒன்று 6,000க்கு வாங்கி அதில் மாட்டிப் பின்னால் போட்டுக்கொண்டேன். அவசரத்துக்கு வீடு வந்து சேர அது போதும். சாமான் வைக்க இடம் குறைந்துவிட்டது, பரவாயில்லை. வீல் கப்பின் நகம் ஒன்று உடைந்திருந்ததால் அதைப் பிளாஸ்டிக் நாடாவால் கட்டிக் கொடுத்தான்.

கிளம்பும்போது அப்பா அந்தக் கெட்ட டயரையும் கேட்டு வாங்கி வண்டியில் போட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். கட்டிக்குக் குறுக்கே ரப்பரை அறுத்து இரண்டு பக்கமும் விரித்தார். வெள்ளை நூல்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நின்றன. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பல் இல்லை. அந்த வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கிறதா என்று கத்தி முனையால் கிளறிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி, நல்ல இடத்திலும் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்தார்.

லொறியின் 14 பிளை என்பதும் பலத்தைச் சொல்லும் கணக்குத்தான், உள்ளே உண்மையில் பதினாலு அடுக்கு இருந்திருக்காது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

"ஒன்னுதான் புள்ள," என்றார், கத்தியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே. "இத நம்பியா ரெண்டு நாளு ஒன்ன அனுப்புனேன்?"