தீர்ப்புச் சொல்லாத கலந்துரையாடல்

மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்தும் நான், வாய்ப்புக் கிடைக்கும் பாடவேளைகளில் கலந்துரையாடலை மாணவர்களின் பொறுப்பில் விட்டுவிடுவது வழக்கம். பொறுப்பேற்பவர் பெரும்பாலும் முதலில் செய்வது, வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்துவிட்டு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்வதுதான். பண்டிகை நாள்களில் தொலைக்காட்சிப் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கூடிப் பேசுவது என்றாலே எதிரணியும் கைதட்டலும் கடைசியில் ஒரு தீர்ப்பும் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. பட்டிமன்றத்தை நானும் விரும்பிக் கேட்பவன். ஆனால், எதிரில் இருப்பவர் சொல்வது சரியென்று பட்டாலும் அங்கே பேசுபவர் அணி மாற முடியாது. வகுப்பறையில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

எனவே வழிநடத்துபவரின் வேலை, என் அனுபவத்தில், கேள்வியை எழுதுவதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. அரசின் நலத்திட்டச் செலவுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளி உணவைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநில அளவில் விரிந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு என ஒரு பக்கக் குறிப்பும் தயாராக இருந்தது. கேள்வி மட்டும் 'காலை உணவுத் திட்டம் நல்லதா?' என்று இருந்தது. இடைவேளையில் தோழிகள் இருவரிடம் அதைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இருவரும் 'நல்லதுதான்' என்றார்கள். பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் அவர் மாற்றி எழுதி வந்த கேள்வி இது: "காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அரசிடம் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், முதலில் எதை நீட்டிக்க வேண்டும்?" இரண்டும் நல்லவைதான், ஆனால் ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியும் என்ற நெருக்கடி அந்தக் கேள்விக்குள் இருந்தது.

கேட்டவுடன் வகுப்பு அமைதியாகிவிட்டது. புதிதாக வழிநடத்துபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மௌனத்துக்கு அஞ்சித் தாமே விடை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டித்தால் விடைகள் நீளமாவதோடு வழக்கமாகப் பேசாதவர்களும் பேச முன்வருவதையும் காட்டினார். மாணவர்களிடம் நான் சொல்வது எளிது: மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.

அந்த மாணவி எண்ணியிருக்க வேண்டும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவர், "எனக்கு ஆறரை மணி பஸ். வீட்டுல சாப்பாடு இருக்கு, சாப்பிட நேரம்தான் இல்ல. இங்க குடுத்தா சாப்பிடுவேன்" என்றார். அடுத்து, மகளிர் சுய உதவிக் குழுவின் சார்பில் காலை உணவு சமைக்கும் ஒருவரின் மகள் எழுந்தார்: "எங்கம்மா இப்பவே விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்திருக்காங்க. பெரிய பிள்ளைங்களுக்கும் சேத்து சமைக்கணும்னா ஆள் கூட்டுவாங்களா?" வழிநடத்தியவர் இதற்குத் தாமாக விடை சொல்லவில்லை. பஸ் மாணவரின் பக்கம் திரும்பி, "இதுக்கு நீ என்ன சொல்ற?" என்று மட்டும் கேட்டார். ஒருவர் பேச்சை இன்னொருவர் பேச்சோடு இணைத்துவிடும் இந்தத் திறமைதான் ஒரு கலந்துரையாடலைத் தாங்குகிறது. இதைக் கற்றுத்தர எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை, நடக்கும்போது சுட்டிக்காட்ட மட்டுமே முடிகிறது.

சில ஏற்பாடுகள் உதவுகின்றன. பேச்சைத் தொடங்குமுன் எல்லோரும் இரண்டு வரி எழுதிவிட்டால், கூச்சப்படும் மாணவரிடம் "எழுதினதை வாசி" என்று கேட்க முடியும். "உன் கருத்தைச் சொல்" என்றால் தலைகுனிபவர்களும் வாசித்துவிடுகிறார்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசலாம் என்று வழிநடத்துபவர் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மேடைத் தமிழ் தேடித் தேடியே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. ஆசிரியர் எங்கே உட்கார்கிறார் என்பதும் முக்கியம். நான் முன்னால் இருந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். ஆகவே சன்னலோர பெஞ்சில் அமர்ந்து, தலை நிமிராமல் குறிப்பெடுப்பேன்.

கடைசி ஐந்து நிமிடத்தில் எந்தப் பக்கம் வென்றது என்று அறிவிக்கும் ஆசை வரும். அன்று அந்த மாணவி, "இதை முடிவு பண்ண நமக்கு இன்னும் என்னென்ன தெரியணும்?" என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார்: ஒரு குழந்தைக்கு ஒரு வேளை உணவுக்கு ஆகும் செலவு, நம் வகுப்பில் சாப்பிடாமல் வருபவர்கள் எத்தனை பேர், சமையலர்களின் வேலை நேரம், முதல் பேருந்தின் நேரத்தை மாற்ற முடியுமா என்பது. முடிவே சொல்லாமல் விட்டால் தேர்வில் என்ன எழுதுவார்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அந்தப் பட்டியலை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு விசாரித்து வந்தவர்கள், நலத்திட்டம் குறித்த நெடுவினாவுக்குப் பாடநூலில் இல்லாத காரணங்களையும் சேர்த்து எழுதினார்கள். அதற்கு மதிப்பெண் போடுவதில் எனக்குத் தயக்கம் ஏதும் இருக்கவில்லை.