பிராங்ஃபர்ட்டில் மாறிய வழி

பிப்ரவரி 9, 2024, வெள்ளி இரவு

அம்மா நியூயார்க்கிலிருந்து கிளம்பிவிட்டார். பிராங்ஃபர்ட், டெல்லி, அப்புறம் சென்னை; எல்லாம் ஒரே டிக்கெட். ஆனால் இறக்கையில் உறைந்த பனியை நீக்கும் வரிசையிலேயே விமானம் வெகுநேரம் நின்றுவிட்டது. டெல்லி விமானம் கிடைப்பது சந்தேகம்தான். பிராங்ஃபர்ட்டிலிருந்து வேறு எந்தெந்த விமானங்களில் இடம் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைத்தேன்.

பிப்ரவரி 10, சனி விடியற்காலை

டெல்லி விமானம் போய்விட்டது. விமான நிறுவனத்தின் கணினி தானாகவே பிராங்ஃபர்ட், சூரிச், டெல்லி, சென்னை என்று மாற்றியிருக்கிறது. வீல்சேரில் இருந்தபடியே அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, சூரிச்சுன்னு ஏதோ ஊர் போட்டிருக்காங்களே, போகலாமா?"

போக முடியாது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து இரண்டுமே ஷெங்கன் பகுதி, அதாவது பொதுவாகத் தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள். அந்த விமானத்தில் ஏற பிராங்ஃபர்ட்டிலேயே குடிநுழைவைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அம்மாவிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவும். அங்கே விமானம் மாற அது போதும். வெளியே கால் வைக்க ஷெங்கன் விசா வேண்டும். ராத்திரிக்கு ஹோட்டல் தருகிறோம் என்றாலும் இதே சிக்கல்தான்.

நிறுவனத்துக்கு போன் போட்டேன். ஏஜென்ட்டின் திரையில் காலி இருக்கை தெரிகிறது, பயணியின் பாஸ்போர்ட் தெரிவதில்லை. விசா விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் சட்டென்று புரிந்துகொண்டார். குறித்துவைத்திருந்த துபாய் வழி விமானங்களின் எண்களைச் சொன்னேன். வேறு நிறுவனம் என்பதால் முதலில் மறுத்தார். மேலாளரிடம் கேட்டு வந்து சம்மதித்தார்.

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இருக்கை பதிவானால் மட்டும் போதாது. டிக்கெட்டையே புதிய வழிக்கு மாற்றி வழங்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த நிறுவனத்தின் கவுன்டரில் "டிக்கெட் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 13 இலக்க டிக்கெட் எண்ணை அவர் வாசித்துக் காட்டிய பிறகுதான் போனை வைத்தேன். வீல்சேரையும் புதிதாகப் போடச் சொன்னேன். அது தானாகக் கூடவே வராது. ஆங்கிலம் அவ்வளவாகப் பேசாத அம்மாவுக்கு, வீல்சேரைத் தள்ளி சரியான கேட்டில் கொண்டுபோய் விடுகிற ஆள்தான் பெரிய பலம்.

இரண்டு போர்டிங் பாஸையும் அம்மா கேமராவில் காட்டினார். அப்பாடா.

பிப்ரவரி 11, ஞாயிறு

அம்மா சென்னை சேர்ந்துவிட்டார். பெட்டி வரவில்லை. பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்கச் சொல்லியிருந்தேன், வாங்கிவிட்டார். பெட்டியின் சீட்டைக் கிளம்பும்போதே படம் எடுத்து வைத்தது இப்போது உதவுகிறது.

பிப்ரவரி 14, புதன்

பெட்டி வீட்டுக்கு வந்தாயிற்று. நடுவில் வாங்கிய துணிமணிக்கான ரசீதுகளோடு நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். சர்வதேச விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமான பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

தாமதத்துக்கு ஐரோப்பிய விதிப்படி 600 யூரோ இழப்பீடு கிடைக்குமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கிடைக்காது. அமெரிக்காவில் தொடங்கி இந்தியாவில் முடிகிற ஒரே டிக்கெட் பயணத்தில், நடுவில் ஐரோப்பாவில் விமானம் மாறினாலும் அந்த 261/2004 விதி பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. காத்துக்கிடந்தது ஐரோப்பிய மண்ணில்தானே?