பிரேக் பேரல் ஸ்டாக்கில் ரெயில்: ஆட்டம் ஒருவழியாக நின்றது

என் பிரேக் பேரல் ஏர் கன்னின் (குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் காற்றுத் துப்பாக்கி) ஸ்டாக்கில், அதாவது மரக்கட்டையின் அடியில், துணைக்கருவி மாட்ட ஒரு ரெயில் (காடி வெட்டிய உலோகப் பட்டை) பொருத்தினேன். ஒரு டப்பா குண்டு தீர்த்துவிட்டு அந்த ரெயிலைப் பிடித்து உலுக்கியும் பார்த்தேன். இம்மியும் நகரவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பிரேக் பேரலில் இடப் பிரச்சினை தெரிந்ததுதான். காக்கிங் லீவர் (ஸ்பிரிங்கைத் தள்ளி ஏற்றும் தண்டு) போய்வரும் பள்ளம் முடிகிற இடத்துக்கும் டிரிகர் கார்டுக்கும் நடுவே உள்ள கொஞ்சம் மரத்தில்தான் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். பிசிபி (முன்கூட்டியே காற்றை அடைத்துவைக்கும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு இந்தப் பள்ளம் கிடையாது. நான் எடுத்தது 21.2 மில்லிமீட்டர் அகல பிகாட்டினி (ஒரு வகை ரெயில் அளவு) துண்டு. அதன் அடி தட்டை, மரமோ உருண்டை. ஸ்குரூவை எவ்வளவு முடுக்கினாலும் ஓரம் இரண்டும் தூக்கிக்கொண்டு ஆடும்.

ரூட்டர் (மரத்தைக் குடையும் மெஷின்) வாடகைக்கு எடுக்கலாம் என்றிருந்தேன். வேலூர் காகிதப்பட்டறைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன் ஸ்டாக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு இடத்துக்கு மெஷின் எதுக்கு தம்பி? கரியைத் தடவி வச்சுப் பாரு, உளியால எடு" என்றார். கரிக்குப் பதில் வீட்டிலிருந்த கண்மை. ரெயிலின் அடியில் மெல்லிசாகத் தடவி மரத்தில் அழுத்தி எடுத்தால் மேடு மட்டும் கறுக்கும். அதை அரை அங்குல உளியால் சீவிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். முதலில் நடுவில் ஒற்றைக் கோடுதான் விழும். அது பட்டையாகி ஓரம்வரை விரிந்ததும் உளியைக் கீழே வைத்துவிடுங்கள். மை கூடினால் பள்ளத்திலும் ஒட்டி ஏமாற்றும். துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டியதுதான்.

மர ஸ்குரூ வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கிற உதையில் அது கழன்றுவிடும். எம்5 பித்தளை மரையுறை (மரத்துக்குள் இறக்கி, அதில் ஸ்குரூவை ஏற்றும் உறை) போட்டேன். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டிவைத்தேன், மேலே ஸ்பிரிங் உள்ள சிலிண்டர் இருக்கிறதே! உறையின் காடியில் ஸ்குரூ டிரைவர் வைத்தால் பித்தளை பிய்ந்துவிடும். போல்ட்டில் இரண்டு நட்டைப் பூட்டு போட்டு, சோப்பு தடவி, ஸ்பேனரால் ஏற்றினால் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. ரெயில் ஸ்குரூவுக்கு நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை).

ரெயில் ஆன்லைனில் வாங்கியது. அனுப்பியவர் புண்ணியத்தில் அடியே வளைந்து வந்தது. கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துத் தட்டையாக்கினேன்.

ரெயிலில் மாட்டப்போவது பைபாடா (துப்பாக்கியைத் தாங்கும் இரட்டைக் கால்) என்று கேட்காதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை அதில் வைத்தால் குண்டு விழும் இடமே மாறிவிடுகிறது. எனக்கு வேண்டியது பாம் ரெஸ்ட் (முன்கையால் தாங்கிப் பிடிக்கும் பிடி). 10 மீட்டர் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை; கொல்லைப்புறத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?

சீவிய மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இன்னும் ஒரு பூச்சு பாக்கி. அதற்குள் மனசு ஸ்லிங்குக்கு (துப்பாக்கியின் தோல் வார்) தாவிவிட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும் மச்சான் துண்டுத் தோல் தருகிறேன் என்கிறான். குரோம் உப்பில் பதனிட்ட தோல் இழுத்தால் நீளும் என்பதால் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ராணிப்பேட்டையில் சில்லறையாக யாராவது கொடுத்தால் சொல்லுங்கள்.