எங்கள் முற்றத்து ஓஹாய்

ஹவாயின் ஓவாஹு தீவில் வசிக்கிறோம். அகத்தியின் பேரினத்தைச் சேர்ந்த ஓஹாய் (செஸ்பேனியா டோமெண்டோசா) ஹவாய்த் தீவுகளுக்கு மட்டுமே உரிய செடி. அகத்தி மரமாக உயரும். ஓஹாயோ பெரும்பாலும் கடற்கரை மணலில் படரும். இலைகளில் வெள்ளி நிறப் பூனைமயிர். பூவும் அகத்திப் பூவின் சாயல்தான், ஆனால் சிறியது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனப் பல நிறம். கால்நடை மேய்ச்சல், மணல்மேடுகளில் ஓடிய வாகனங்கள், வெளியிலிருந்து வந்த களைகள் எல்லாம் சேர்ந்து இதைச் சுருக்கிவிட்டன. 1994இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது.

எங்கள் தீவின் மேற்குக் கோடியில், இயற்கைக் காப்பகமான காயேனா முனையில் இதைப் பார்த்த நாள் முதல் வளர்க்க ஆசை. காட்டுச் செடியில் விதை பறிப்பது குற்றம். உரிமம் பெற்ற நாற்றங்காலில், அதற்கான அட்டை கட்டிய கன்றைத்தான் வாங்க வேண்டும். விசாரித்து அலைந்து ஒன்று வாங்கினேன். அந்த அலைச்சல் நியாயமானது என்றே நினைக்கிறேன். அட்டை இல்லாத கன்றை யாரும் வாங்காதீர்கள்.

அது காய்த்ததும் விதை போட்டேன். தோல் கெட்டி. ஓர் ஓரத்தில் லேசாகச் சுரண்டி, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்தால் உப்பும். உப்பியது சீக்கிரம் முளைக்கும். வேரை அலைக்கழித்தால் பொறுக்காது என்பதால் சிறு தொட்டிகளிலேயே விதைத்து, மண்கட்டி உடையாமல் தரைக்கு மாற்றினேன்.

அதன்பின் எல்லாமே தண்ணீரில்தான் இருக்கிறது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மணலும் போதும். வேர் பிடித்த செடிக்கு அன்றாடம் ஊற்றினால் அழுகிவிடும். கடற்காற்றும் உப்பும் அதற்குப் பழக்கம். பெரிய தொல்லை இரவில் இலையைச் சல்லடையாக்கும் சீன ரோஜா வண்டு. அந்தி சாய்ந்ததும் செடியருகே ஒரு விளக்கு எரியவிட்டேன். வெளிச்சம் அந்த வண்டுக்கு ஆகாது. பூச்சிமருந்து அடிக்க மனம் வரவில்லை. ஓஹாய்ப் பூக்களைத் தேடி வரும் ஹவாயின் மஞ்சள்முகத் தேனீக்களிலேயே ஏழு இனங்கள் 2016இல் அழியும் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

மிஞ்சும் விதைகளைக் காயேனாவில் தூவலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூடவே கூடாது. ஓஹாய் இடத்துக்கு இடம் நிறத்திலும் வளரும் வாகிலும் மாறுபடும்; தோட்டத்து விதை கலந்தால் அந்தக் கரைக்கே உரிய வம்சம் குலையும். அங்கு நடுவதைக் காப்பகத்தாரிடம் விட்டுவிட்டு, களை பறிக்க மட்டும் போகிறேன்.