2419.6-க்கு மேல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வாளர்களுக்குத் தரவு அறிவியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உணவகத்து அடுப்படி, கோழிக்கடை, கடல் தண்ணீர், ஆலைப்பக்கத்துக் காற்று என்று நாள் முழுக்க வெளியில் அலைகிறவர்கள் அவர்கள். கையில் கொடுக்கப்பட்ட பாடத்திட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே இயந்திரக் கற்றல் இருந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர்களுடைய எக்செல் கோப்புகளையே பாடப்புத்தகமாக்கிக்கொண்டேன்.

முதலில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் கடைகளை வரைபடத்தில் ஏற்றினோம். எல்லாம் எகிப்தில் போய் விழுந்தன. டர்பன் தெற்கே 29.86, கிழக்கே 31.02 பாகையில் இருக்கிறது. தெற்குப் பாகையைக் கழித்தல் குறி போட்டு எழுத வேண்டும். அந்தக் குறியை விட்டுவிட்டால் கெய்ரோவுக்குப் பக்கத்தில், பிரமிடுகளுக்கு அருகே போய்விடுவோம். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தக் குறியை யாரும் மறக்கவில்லை.

சிரிக்க முடியாத விஷயம் கடல் தண்ணீர்க் கோப்பில் இருந்தது. கழிவுநீர் கலந்திருப்பதைக் காட்டும் ஈகோலை கிருமியை எண்ண, 100 மில்லி தண்ணீரை மருந்தோடு கலந்து 97 குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, ஒரு நாள் வெதுவெதுப்பில் வைப்பார்கள். புற ஊதா விளக்கில் எத்தனை குழி ஒளிர்கிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. அத்தனையும் ஒளிர்ந்தால் அதற்கு மேல் எண்ண வழியில்லை, ‘>2419.6’, அதாவது 2419.6-க்கு மேல், என்று எழுதிவிடுவார்கள். கணினிக்கு அது எண் அல்ல, எழுத்து. இணையத்தில் கிடைக்கிற பயிற்சிகளில் பாதி, எண்ணாக மாறாத வரிசைகளை நீக்கச் சொல்லும். நீக்கினால் என்ன ஆகும்? மிக அசுத்தமான நாட்கள் மட்டும் காணாமல் போகும், கடற்கரை சுத்தமாகிவிடும்!

தெற்கு டர்பனின் மெர்பேங்க்கில் பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர்தான் இதை முதலில் பிடித்தார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, கடற்கரைகளை மூடிய காலத்தில் மாதிரி எடுத்தவர் அவர். திரையில் அந்த மாதங்களின் சராசரியைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தத் தண்ணியில நான் நின்னிருக்கேன். இது பொய்” என்றார். ஆங்கிலம்தான் அவருக்கு அன்றாடப் பேச்சு. கோபம் வந்தால் பாட்டியிடம் கேட்ட தமிழ் வந்துவிடும்.

சரி, எண்ணே தெரியாமல் என்ன செய்வது? சராசரியை விட்டுவிட்டு வரிசைப்படுத்தினால் போதும். தென்னாப்பிரிக்கக் கடல்நீர் வழிகாட்டியே சராசரியைக் கேட்பதில்லை. 95 விழுக்காடு மாதிரிகளில் ஈகோலை 100 மில்லிக்கு 250-க்குள் இருந்தால் மிக நல்ல தரம், 500-க்குள் இருந்தால் நல்ல தரம். ‘2419.6-க்கு மேல்’ என்பதை வரிசையின் உச்சியில் வைத்தாலே 500-ஐத் தாண்டியதா என்பது தெரிந்துவிடும். இதற்கு நிரல் நாலு வரிதான். ஆனால் அந்தக் குறி எப்படி வந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த நாலு வரி எழுதத் தோன்றும். நிரல் மட்டும் தெரிந்தவர் கூச்சமில்லாமல் நீக்கியிருப்பார், நான் பார்த்திருக்கிறேன்.

காற்றிலும் இதே கதைதான். தெற்கு டர்பனின் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப் பிறகு நின்றது, இன்னொன்று 2022-இல் நின்றது. அந்த ஆலைகள் விடும் கந்தக டை ஆக்சைடு வாயு காற்றில் குறைந்ததா என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் கோப்பில் பூஜ்யம் என்றால் காற்று சுத்தமா, இல்லை மின்வெட்டில் கருவி செத்துக் கிடந்ததா? இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மேலிடத்துக்கு வண்ண வண்ணமாகப் படம் வேண்டுமாம். கொடுப்போம். அதற்கு முன்னால் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிவத்தில் ‘ஏன் காலி?’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தோம்: மின்வெட்டு, கருவிப் பழுது, போக முடியவில்லை, மாதிரி கெட்டுவிட்டது. ‘மற்றவை’ என்று ஒன்று வைக்கலாமா என்றேன். அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வைத்தால் எல்லோரும் அதையே அமுக்கிவிட்டுப் போவார்களாம்.